அஞ்சு மணி உபதேசம்

“எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குப் படிக்கவே ஆசை இல்லைங்க சாமி” என்றார் செங்கமலம்.

செங்கமலம் ஊராட்சித் தலைவர். ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் இரண்டு கறவை மாடுகள்.

ஓடைச்சாமிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஓடைக்கரையில், கைவிடப்பட்ட பம்புசெட் அறையில் இருந்தார்.

‘இந்தப் பொடிப்பயல்கிட்ட என்ன ஞானம் இருக்கு?’ என்று ஊரில் கேட்டவர்களுக்குச் செங்கமலம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாத ஆம்பளை அவர் ஒருத்தர்தான்.”

அன்றும் சாமி குறுக்கே பேசவில்லை.

“படிப்பகம் வேணும்னு மூணு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். நான் எட்டாவதோட நின்னவ. எங்க ஊர்ல இன்னொரு பொண்ணு அப்படி நிக்கக் கூடாதுன்னு ஆசை. அலமாரி இருக்கு, ஃபேன் இருக்கு, பரீட்சைப் புஸ்தகம் எல்லாம் இருக்கு. காலையில பத்து மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் திறந்தே கிடக்கு. நாலு மாசமா ஒரு பிள்ளை எட்டிப் பாக்கல.”

அழுதுவிடுவார் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊராட்சிக் கூட்டம். படிப்பகத்தை மூடிவிட்டு, அந்த இடத்தை ரேஷன் மூட்டை அடுக்கக் கொடுப்பதாகத் தீர்மானம். கூட்டத்துக்கு முன்பே தீர்மானத்தை எழுதி வைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். பேசிக்கீசி நேரம் வீணாகாது, பாருங்கள்.

செங்கமலம் பையிலிருந்து தீர்மான நோட்டை எடுத்துக் கொடுத்தார். சாமி படித்தார். ‘மாணவர்களின் ஆர்வமின்மை காரணமாக’ என்று ஆரம்பித்திருந்தது.

“உங்களுக்குன்னு ஒரு உபதேசம் வெச்சிருக்கேன்மா” என்றார் சாமி. “நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாங்க.”

“அஞ்சு மணிக்கா? பால் கறக்கணுமே சாமி. ஆறு மணிக்கெல்லாம் சொசைட்டி வண்டி வந்துடும்.”

“அப்ப நாளன்னைக்கு அஞ்சு மணிக்கு.”

“நாளன்னைக்கும் மாடு பால் கொடுக்குமே!”

“பரவாயில்லை. ஒரு வாரம் தினமும் அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிறேன்.”

கதவு திறந்திருந்தது. செங்கமலம் வரவில்லை.

வியாழக்கிழமை, பால் ஊற்றி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

சாமி ஒரு பழைய காலண்டர் தாளை நீட்டினார். அதன் பின்பக்கம் ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி போட்டு, ‘செங்கமலம் அம்மா வரவில்லை’ என்று எழுதியிருந்தது.

கடைசியில் இன்னொரு வரி. ‘ஞானத்தில் ஆர்வமின்மை காரணமாக, இந்தக் கதவு இன்றோடு மூடப்படுகிறது.’

செங்கமலத்துக்கு வந்ததே கோபம்.

“யாருக்கு ஆர்வம் இல்லை? எனக்கா? ஏழு நாளா மாட்டு மடியைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கதவைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க பாட்டுக்கு ஒரு நேரத்தை வெச்சீங்க. உங்களுக்கு எப்ப தோதுப்படும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்ட வேகத்திலேயே, பையிலிருந்த தீர்மான நோட்டை எடுத்து முதல் வரியை மறுபடி படித்தார்.

சாமி, அடுப்பில் கொதித்த கஞ்சியைக் கிளறப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன் பஸ் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இறங்கினார்கள். பஸ் ஸ்டாப்பில் தலைவரே நிற்பதைப் பார்த்து, யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

“படிப்பகத்தை எப்பத் திறந்தா வருவீங்க?”

பெரியவர்கள் கேட்டுப் பழகாத கேள்விக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள் பதிலுக்கு?

கடைசியில் ஒரு பையன் சொன்னான். “ஆறரைக்கு.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். காலனியிலிருந்து வரும் கீர்த்தனா மட்டும் ஆட்டவில்லை. பிளஸ் டூ படிக்கிறவள்.

“ஏம்மா, உனக்கு ஆறரை சரிப்படாதா?”

“மணி சரிதான் பிரசிடெண்டம்மா. வழிதான்.”

“வழியா?”

“கோயில் தெரு வழியாத்தானே வரணும். அங்க நாலு பேர் உக்காந்திருப்பாங்க. காலனிப் பிள்ளை புஸ்தகத்தோட போனா, ‘என்ன, கலெக்டராகப் போறியா’ன்னு கேட்டுச் சிரிப்பாங்க. நீங்க திறந்த அன்னைக்கு லீவுதான், காலனியிலிருந்து நாங்க மூணு பேர் வந்தோம். பாதியிலயே திரும்பிட்டோம்.”

“அன்னைக்குப் பூரா நான் உள்ளதானே உக்காந்திருந்தேன்!”

“தெரியும். தெரு முனையிலிருந்து உங்க சைக்கிள் தெரிஞ்சுது.”

செங்கமலம் கோயில் தெருப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நான் கூட வந்தா வருவீங்களா?”

கீர்த்தனா அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஒரு நாளா, தினமுமா?”

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் செங்கமலம் தீர்மானத்தைக் குறுக்கே அடித்தார். ‘மாணவர்களை நாம் கேட்கவில்லை. இனி படிப்பகம் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை’ என்று எழுதினார்.

“இப்படியெல்லாம் நோட்டுல எழுதக் கூடாதும்மா” என்று பதறினார் ஊராட்சிச் செயலர்.

“எழுதியாச்சு.”

அன்று ஆறரை மணிக்குக் காலனிப் பிள்ளைகள் மூன்று பேரும் செங்கமலமும் கோயில் தெருவில் நடந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தார்.

“ஆமாய்யா, கலெக்டராகத்தான் போறா” என்றார் செங்கமலம். “அதுக்கு இப்ப என்ன?”

மறுநாளும் நடந்தார்கள். அதற்கு மறுநாளும்.

ஒரு மாதம் கழித்து, ஏழு மணி வாக்கில், ஓடைச்சாமி படிப்பக வாசலுக்கு வந்தார். கதவருகே ஸ்டூலில் செங்கமலம். மடியில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம். உள்ளே கீர்த்தனா ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பதினோரு பிள்ளைகள்.

“அம்மா, உங்களுக்குன்னு வெச்ச உபதேசம் அப்படியே பாக்கி இருக்கே...” என்று ஆரம்பித்தார் சாமி.

செங்கமலம் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா சாமி. பிள்ளைங்க படிக்குதுங்க.”

சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்கு எப்பம்மா தோதுப்படும்?”