பண்டசாலைக்குப் போன தொட்டில்

முன்னொரு காலம். எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் காதில் விழுந்த புதுமையை மாலைக்குள் சட்டமாக்கிவிடுவார்.

ஒரு நாள் மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து தந்தம் ஏற்றிவந்த கப்பல் தலைவன் மகாமே சபைக்கு வந்தான். பல வருஷம் வந்துபோனவன், தமிழ் நன்றாகப் பேசுவான். "உங்கள் பாஷை எப்படிப்பட்டது?" என்று ராஜா கேட்டார்.

"எங்கள் சொற்களுக்குத் தலையில் ஓர் அடையாளம் உண்டு, மகாராஜா. ஆள் என்றால் முன்னால் 'ம்' வரும். விருந்தாளி 'ம்கேனி', சமையல்காரர் 'ம்பிஷி'. பொருள்களில் பலவற்றுக்கு 'கி' வரும். கத்தி 'கிசு', நாற்காலி 'கிட்டி', கூடை 'கிகாப்பு'. தலையைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும்."

ராஜா துள்ளி எழுந்தார். "நம் பாஷையில் அது உயர்திணையா அஃறிணையா என்று தெரிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது! இன்று முதல் நம் அரண்மனையிலும் ஆளுக்கு முன்னால் 'ம', பொருளுக்கு முன்னால் 'கி'. எது ஆள், எது பொருள் என்று இலக்கணப் புலவர் ஆவுடைநம்பி தீர்மானிப்பார்."

அன்று மதியமே கூத்து ஆரம்பமாயிற்று. "ம-மகாராஜா, கி-இலையில் கி-சோறு போட்டுக் கி-ரசம் ஊற்றட்டுமா?" என்று பரிசாரகர் கேட்டு முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைநம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கையில் அதிகாரம் வந்துவிட்டது, மனத்தில் பழைய புகைச்சல் இருந்தது.

புகைச்சல் விகடன் தூமணியின் மேல். புலவர் ஆறு மாதம் உழைத்து எழுதிய உரையை ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பார். தூமணி அரைச் சொல் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். எந்தப் புலவர் பொறுப்பார்?

தூமணிக்கு ஒரு தங்கை, பேச்சி. பிறந்ததும் பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்குக் காதும் கேளாது, பேச்சும் வராது என்று பிறகுதான் தெரிந்தது. ராஜாவின் ஏழு மாதக் குழந்தையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காதுள்ள தாதிகள் அழுகை கேட்டு ஓடி வருவார்கள். பேச்சியோ குழந்தை புரண்டதுமே, அழுவதற்கு முன்பே வந்துவிடுவாள்.

மறுநாள் சபையில் புலவர் எழுந்தார். "கப்பல் தலைவரே, காது கேளாதவரை உம் பாஷையில் எப்படிச் சொல்வீர்?"

"'கிசிவி' என்போம். ஆனால்..."

"போதும்! மகாராஜா, கேட்டீர்களா? தலையில் 'கி'! பேசத் தெரியாதது பொருள். பொருளின் இடம் பண்டசாலை. அப்படியானால் பேச்சி என்பவளும்..."

ராஜாவின் முகம் வாடியது. ஆனால் தானே போட்ட சட்டம். வறட்டு கௌரவம் விடவில்லை; தலையசைத்துவிட்டார்.

செப்பு அண்டாக்களுக்கும் சுருட்டி வைத்த ஜமுக்காளங்களுக்கும் நடுவே பேச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். என்ன தவறு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஊரையே சிரிக்கவைத்த தூமணி அன்று வாசலில் நின்று அழுதான்.

மகாமே அவனைத் தேடி வந்தான். "ஐயா, என்னை அவர் முடிக்கவிடவில்லை. சொல்லின் தலையில் 'கி' இருப்பது மெய்தான். ஆனால் அந்த ஆள் வந்தார், சிரித்தார் என்று சொல்ல வந்தால் ஆளுக்குரிய ஒலியைத்தான் சேர்ப்போம். எங்கள் ஊரில் அவரைப் பொருள் என்று யாரும் நினைப்பதில்லை."

"நல்லது சொன்னீர்," என்றான் தூமணி. "சபையில் சொன்னால் புலவர் பதிலுக்கு நூறு சூத்திரம் ஒப்பிப்பார். இது பேசி ஜெயிக்கிற காரியமில்லை."

இரண்டு நாள் குழந்தை ஓயாமல் அழுதது. ஐந்து தாதிகள் மாறினார்கள். மூன்றாம் நாள் தூமணி அந்தப்புரத்துக்குப் போய் ராணியிடம் ஏதோ சொன்னான். ராணி தானே தொட்டிலை அவிழ்த்துக் கொடுத்தாள்.

மதியம் குழந்தையைப் பார்க்க வந்த ராஜா வெறும் கொக்கியைப் பார்த்தார். "என் மகள் எங்கே?"

"விகடர் பண்டசாலைக்குத் தூக்கிப் போனார்," என்று காவலன் நடுங்கினான். ராஜா உருவிய வாளோடு ஓடினார். செய்தி கேட்ட புலவரும் மலர்ந்த முகத்தோடு பின்னால் ஓடினார்.

பண்டசாலை வாசலில் தூமணி உதட்டில் விரல் வைத்து நின்றான். உள்ளே உத்தரத்தில் தொட்டில் தொங்கியது. பேச்சியின் காலில் கயிறு. இரண்டு நாள் அழுத குழந்தை இப்போது அயர்ந்து தூங்கியது.

"என் மகளைப் பண்டங்களோடு போட உனக்கு எத்தனை துணிச்சல்?" என்று ராஜா கிசுகிசுத்தார்.

"அரசே, பேசத் தெரியாதது பொருள், பொருளின் இடம் பண்டசாலை என்பது ஆணை. இளவரசியிடம் பலமுறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசினாளில்லை. ஆணையை மீறப் பயந்து கொண்டுவந்துவிட்டேன்."

"இது விதண்டாவாதம்!" என்று புலவர் கத்தினார்.

குழந்தை புரண்டது. கயிறு அசைந்தது. பேச்சியின் கால் தொட்டிலை மெல்ல ஆட்டியது. அழுகை வருமுன்பே தூக்கம் திரும்பிவிட்டது. பேச்சி நிமிர்ந்து, யார் தொந்தரவு செய்தது என்று பார்த்தாள். புலவரைக் கண்டு புருவத்தை நெரித்து, வாயைப் பொத்திக் காட்டினாள். புலவர் பொத்திக்கொண்டார்.

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆணையை ரத்து செய்ய வேண்டும். வாயைத் திறந்தால் மகள் விழித்துக்கொள்வாள். வாளைக் கீழே வைத்தார். பேச்சியைக் காட்டினார், தொட்டிலைக் காட்டினார், அந்தப்புரத்தின் திசையைக் காட்டினார். ஆணை ஒழிந்தது என்பதுபோல் உள்ளங்கைகளைச் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துக் கைகூப்பினார். பேச்சி கண் கலங்கச் சிரித்தாள்.

"மகாராஜா என்ன சொல்கிறார்?" என்று புலவர் தூமணியின் காதைக் கடித்தார்.

"எல்லோருக்கும் புரிந்ததே! உமக்கு அந்தப் பாஷை தெரியாதா?"

ராஜா அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் சபையில் தூமணிக்கு முத்துமாலை போட்டு, "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"ஆவுடைநம்பி ஒரு மாதம் என் தங்கையிடம் பாடம் கேட்க வேண்டும், அரசே."

சபை அதிர ராஜா சிரித்தார். புலவரும் வேறு வழியில்லாமல் படித்தார். மாதம் முடிவதற்குள் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார் என்று கேள்வி.