உப்பு ஜாடியை எடுத்தவர்

"எடுத்தவங்க யாரா இருந்தாலும் சரி, எடுத்த கையாலேயே ஜாடியைக் கொண்டுவந்து இருந்த எடத்துல வச்சிரணும். நான் பேரு சொல்ல மாட்டேன்."

தனபாக்கியம் இதை அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அடுப்பு பாவம், அது பாட்டுக்கு எரிந்தது. மூன்றடி தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் அமலி. அவள் தலை நிமிரவில்லை. ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் தனபாக்கியத்துக்கு இன்னும் கோபம் ஏறியது.

"உப்பு ஜாடியைத் திருடுற திருடி இந்த உலகத்துலேயே ஒருத்திதான் இருப்பா" என்று அரிசிப் பானையிடம் சொன்னாள்.

அடிபட்டு வீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கும் இல்லம் அது. அப்போது பதினோரு பேர் இருந்தார்கள். நடத்துகிறவள் அமலி, வயது நாற்பத்தொன்று. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவள் தனபாக்கியம், வயது ஐம்பத்தாறு. வாழைத்தார் மண்டியில் இருபத்தேழு வருஷம் ஆம்பளைகளுக்கு நடுவே நின்று ஏலம் கூவியவள். மண்டிக்கு வருவதற்கு முந்திய கதை ஒன்று அவளுக்கும் உண்டு. வீட்டை விட்டு வந்த அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டுச் சிமெண்டுத் தரை. இப்படி ஒரு வீடு இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டதும், மண்டியை மகளிடம் விட்டுவிட்டு வந்து, "எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக்குடு தாயி" என்று வாசலில் நின்றாள். அமலி கரண்டியைக் கையில் கொடுத்தாள். ஏழு மாதம் ஆகிறது. இன்னும் கரண்டிதான்.

முந்தின நாள் சாயங்காலம் இவள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். எல்லாம் பவளம் விஷயமாக.

பவளத்துக்கு இருபத்தாறு வயது. வந்து ஐந்து வாரம். இடது முழங்கைக்குக் கீழே தோல் வெந்து சுருங்கியிருந்தது. ரசத்தில் உப்புக் கூடிப்போயிற்று என்று, கொதிக்கிற ரசத்தை அந்தக் கையிலேயே ஊற்றியிருந்தான் புருஷன். மருந்து போட்ட அன்று, "என் மேலதான் தப்பு, கை தவறி ஒரு பிடி கூடிப்போச்சு" என்று அவனுக்காக இவளே வாதாடினாள். அதோடு சரி. பிறகு எதைக் கேட்டாலும் "சரிக்கா." எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்குக்கா." வருகிற வியாழக்கிழமை புருஷன் வீட்டிலிருந்து பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வா என்பார்கள். சரி என்பாள். கதை முடிந்தது.

தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள் தனபாக்கியம். மண்டியில் எத்தனை எத்தர்களை மடக்கியிருக்கிறாள். வருகிறவன் வேட்டியோடு திரும்பிப் போனால் அவனுக்கு அதிர்ஷ்டம். அமலி அதை முழுக்கக் கேட்டுவிட்டு, பேச வேண்டியது பவளம் என்றாள்.

"அவ எங்க பேசுவா? வாழைத்தாருன்னா ஒரு காயைத் தட்டிப் பார்த்து எத்தனை நாள்ல பழுக்கும்னு சொல்லிருவேன். ஒருத்தி தேறிட்டாளான்னு எதைத் தட்டிப் பார்க்கிறது? அதையாவது சொல்லேன் தாயி."

அமலி அடுக்களை விளக்கை அணைத்தாள். விடிந்து பார்த்தால் ஜாடியைக் காணோம்.

கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிவரக் கிளம்பியவளை அமலி உட்கார வைத்தாள். வியாழன் வரைக்கும் உப்பில்லாமல் சமைக்கச் சொன்னாள். கேட்கிறவளுக்குத் தன் கையால் தான் கொடுப்பதாகவும், கேட்காதவளுக்கு ஒரு சிட்டிகைகூடப் போகக்கூடாது என்றும் சொன்னாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. என் பேரையும் சேர்த்துக் குப்பையில போடப் பார்க்கிறியா?"

"நாலு நாள்தான்க்கா."

திங்கட்கிழமை மத்தியானம் பந்தியில் தனபாக்கியத்தின் மானம் கப்பலேறியது. இது யாருக்குப் பத்தியச் சாப்பாடு என்று ஒருத்தி கேட்டாள். அங்கே தங்கியிருந்த கதீஜாவுக்கு வாய் எப்போதுமே நீளம்; "அக்காவுக்குக் கடலோட ஏதும் சண்டையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அமலி தன் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்திருந்தாள். கேட்டவளுக்கெல்லாம் கொடுத்தாள். பத்துப் பேர் கேட்டார்கள்.

பவளம் தலை குனிந்து சாப்பிட்டாள். தட்டை வழித்தாள்.

"போதுமாம்மா? எப்படி இருக்கு?" என்றாள் தனபாக்கியம்.

"நல்லா இருக்குக்கா."

ஐந்து வாரமாக இந்த வார்த்தையைத்தான் மற்றவர்களிடம் காட்டிக் காட்டிப் பெருமையடித்திருந்தாள். பாருங்கடி, இந்தப் பிள்ளை ஒரு குறை சொல்லுதா என்று. அன்றைக்கு அதை யாரிடமும் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. ஒளித்து வாங்கிய உப்பைப் பவளத்தின் தட்டில் தூவி, மேலே சோற்றைப் போட்டு மூடினாள். பந்திக்குப் போகிற வழியில் அமலி அந்தத் தட்டை வாங்கிக் கதீஜாவுக்கு வைத்துவிட்டு, வேறு தட்டைப் பவளத்துக்குக் கொடுத்தாள்.

"அது பசிக்குத் திங்கிற பிள்ளை தாயி. இதுல என்ன குத்தம்?"

"தட்டிப் பார்க்கணும்னீங்க. இப்பக் கார்பைடு கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறீங்களேக்கா."

தனபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. இருபத்தேழு வருஷத்தில் அவள் மண்டியில் ஒரு தாருக்குக்கூட அந்தக் கல் வைத்ததில்லை. அதைச் சொல்லித்தான் அவள் ஏலமே கூவுவாள்.

அன்றைக்குத்தான் இன்னொன்றையும் கவனித்தாள். கிண்ணம் பக்கத்திலேயே இருந்தும் அமலி தனக்கென்று ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை. பவளம் எப்படிச் சாப்பிட்டாளோ அப்படியே அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பவளம் இரண்டாவது கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினாள். மென்றாள். விழுங்கினாள்.

"அக்கா, இதுல உப்பு…"

சொல்லி முடிப்பதற்குள் வெந்த கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது.

பந்தியில் எல்லாக் கையும் நின்றது. கதீஜாதான் முதலில் அடுத்த கவளத்தை உருட்டினாள். மற்றவர்களும் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடத் தொடங்கினார்கள். அமலி யாரையும் பார்க்காமல் கிண்ணத்தைப் பவளம் பக்கம் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை இறங்கியது. இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாள் பவளம். அதற்குப் பிறகு அமலியும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாள்.

தனபாக்கியம் எழுந்து அடுக்களைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். மிளகாய் நெடி என்று அடுப்பிடம் சொன்னாள்.

இனிமேலாவது ஜாடியை அதன் இடத்தில் வைக்கலாமா என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"கேக்கறவ கேக்கட்டும்க்கா" என்றாள் அமலி.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தது புருஷன் இல்லை, அவனுடைய பெரியப்பா. வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மேலெல்லாம் மஞ்சள், காம்பு பச்சை. கல் வைத்த பழம் என்று தொடாமலே தனபாக்கியத்துக்குத் தெரிந்தது.

முன்னறையில் உட்கார்ந்து அவர் நிதானமாகப் பேசினார். சின்னஞ்சிறுசுகள் என்றால் நாலும் இருக்கும் என்றார். அவனுக்கும் மனசு சரியில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். ஊர் என்ன பேசும் என்றார். ஒரு ரசத்துக்காக ஒரு குடும்பம் கெட வேண்டுமா என்றும் கேட்டார். தனபாக்கியத்தின் நாக்கு நுனியில் ஏழெட்டு வார்த்தை வரிசையில் நின்றது; ஒன்றுகூட எழுதத் தக்கதில்லை. அமலி அவள் மணிக்கட்டின் மேல் கையை வைத்தாள். அழுத்தவில்லை, சும்மா வைத்தாள்.

பவளம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மௌனம் சம்மதம்தானே என்று பெரியவர் அமலியைப் பார்த்துச் சிரித்தார். துணிமணியை எடுத்துவைக்கச் சொல்லலாமா?

"பவளத்தைக் கேளுங்க" என்றாள் அமலி.

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. தனபாக்கியம் தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"மாமா" என்றாள் பவளம். "அன்னைக்கு ரசத்துல உப்புக் கூடத்தான் இருந்துச்சு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

"கூடிப்போனா தண்ணி ஊத்துவாங்க மாமா. ரசத்தை எடுத்துக் கையில ஊத்த மாட்டாங்க."

பெரியவர் பேச வாயெடுத்தார்.

"நான் வரல" என்றாள் பவளம்.

அவர் முகம் கறுத்தது. இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று தனபாக்கியத்தைப் பார்த்துக் கேட்டார். தான் வாயைத் திறக்கவே இல்லையே என்றாள் அவள். பிறந்ததிலிருந்து அவள் அதை உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் போன பிறகு பழச்சீப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பந்தி போட்டார்கள். தனபாக்கியம் அமலியின் காதருகே குனிந்து, தான் பேசியிருந்தால் அந்த ஆளை வாசற்படியிலேயே மடக்கியிருப்பேன், இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றாள். அமலி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எது முடிஞ்சிருக்கும்க்கா?"

தனபாக்கியம் பவளத்தின் தட்டைப் பார்த்தாள்.

அப்போது பவளம் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். கிண்ணம் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெந்த கை மடியில் அசையாமல் கிடந்தது.

"இன்னைக்கும் உப்பில்ல" என்றாள், எதிரே இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்து. "நாலு நாளா இந்தக் கூத்துதான். நான் பேரு சொல்ல மாட்டேன். எடுத்தவங்க யாரா இருந்தாலும் சரி, எடுத்த கையாலேயே ஜாடியைக் கொண்டுவந்து இருந்த எடத்துல வைக்கணும்."

கதீஜாவுக்குப் புரையேறியது. தனபாக்கியம் அமலியைப் பார்த்தாள்.

அமலி பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

"சாப்பிட்டுட்டு வைக்கட்டுமா?"

"இப்பவே வைக்கணும்" என்றாள் பவளம். "சோறு ஆறுதுல்ல."