பாறைமேல் நடந்த வளை மாநாடு

வளை தோண்டிக் குடியிருக்கும் விலங்குகள் நிறைந்த ஒரு காட்டில், போன ஐப்பசி மழைக்கு எல்லா வளைகளிலும் வெள்ளம் புகுந்துவிட்டது. வயல் எலியின் நான்கு குட்டிகளும் மூழ்கிச் செத்துப் போயின.

எறும்புதின்னியின் வளைக்குள் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. "அடுத்த மழைக்கு முன்னால் அந்த வித்தையை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். மாநாடு கூட்டுவோம்!" என்று முடிவானது. இடம் பார்க்கும் பொறுப்பை முள்ளம்பன்றி ஏற்றுக்கொண்டது. பதவி என்றால் அதற்கு உயிர். வேலைதான் ஆகாது.

முதலில் ஆற்றங்கரை மேட்டுக்குப் போனது. நல்ல செம்மண், எல்லாருக்கும் பக்கம். ஆனால் வரவேற்க ஒருவரும் இல்லை.

"சே! களையே இல்லாத இடம்" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பியது.

பிறகு குரங்கின் பாறைக்குப் போனது. குரங்கு ஓடிவந்து மாலை போட்டது. மாலை முட்களில் சிக்கிக் கிழிந்தது. முள்ளம்பன்றி வெறும் நாரையும் பெருமையாகத் தொங்கவிட்டுக்கொண்டது. பலாச்சுளையும் தேனும் வந்தன.

"காற்று எப்படி, தலைவரே?"

"அபாரம்!"

"இங்கிருந்து ஏழு மலை தெரியும். வருகிறவர்கள் ஆளுக்கொரு கிழங்கு கொண்டுவந்தால் போதும். பந்தியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

ஏழு மலை தெரிந்தால் வளை தோண்ட வந்துவிடுமா, குழந்தைகளே? முள்ளம்பன்றி அதை யோசிக்கவே இல்லை. வாய் நிறையப் பலாச்சுளை இருந்ததல்லவா!

பாறைதான் இடம் என்று முள்ளம்பன்றி கூட்டத்தில் அறிவித்தது. மறுபடியும் சினையாயிருந்த வயல் எலி முன்னால் வந்தது.

"தலைவரே, அங்கே மண் இருக்கிறதா?"

"மாநாட்டுக்கு வருகிறாயா, மண் தின்ன வருகிறாயா?" என்றது முள்ளம்பன்றி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மாநாட்டு நாளும் வந்தது. எல்லாரும் மூச்சிரைக்கப் பாறை ஏறினார்கள். குரங்குகள் வாசலிலேயே கிழங்குகளை வாங்கி வைத்துக்கொண்டன. முள்ளம்பன்றி உச்சிவேளை வரை காற்றைப் பற்றிப் பேசியது. அதன் பிறகுதான் எறும்புதின்னியைக் கூப்பிட்டது.

"எனக்குப் பேச வராது. தோண்டிக் காட்டத்தான் தெரியும்" என்று எறும்புதின்னி பாறையைப் பறண்டியது. கறக், கறக் என்று சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்துக்கும் கூட்டம் கைதட்டியது!

"கொஞ்சம் மண் கொடுங்களேன்" என்று கெஞ்சியது எறும்புதின்னி.

"அதெல்லாம் பிறகு. முதலில் பந்தி!" என்றது முள்ளம்பன்றி.

கிழக்கே மேகம் கறுத்திருந்தது. எலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தது.

"அண்ணா, கீழே வாருங்கள். எனக்கு ஒருத்திக்காவது காட்டுங்கள்" என்று எறும்புதின்னியை அழைத்தது.

"பாதியில் போவது மாநாட்டுக்கே அவமானம்!" என்று முள்ளம்பன்றி கத்தியது. இரண்டும் திரும்பிப் பார்க்காமல் இறங்கின.

ஆற்றங்கரை மேட்டில் எறும்புதின்னி தோண்டிக் காட்டியது. வாசல் சரிவில் இருந்தது. வழி உள்ளே போகப் போக மேலே ஏறியது. எலி பார்த்துப் பார்த்துப் பக்கத்திலேயே தன் வளையைத் தோண்டிக்கொண்டது. பாறையிலோ கிழங்கு குரங்குகளுக்கும், தோல் விருந்தினருக்கும் போயிற்று. அவர்கள் தோலை மென்றுகொண்டே ஏழு மலையைப் புகழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. பழைய வளைகளெல்லாம் மறுபடி மூழ்கின. முள்ளம்பன்றி நனைந்து நடுங்கியபடி கூட்டத்தோடு மேட்டுக்கு வந்தது. எலியின் வளைக்குள் புதிதாய்ப் பிறந்த ஐந்து குட்டிகள் உலர்ந்த புல்லில் தூங்கின.

"உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

"என் வாசலில் உங்கள் மூக்குகூட நுழையாதே, தலைவரே."

முள்ளம்பன்றி கனைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பியது. "கவலை வேண்டாம்! அடுத்த மாநாட்டில் இதற்கு வழி காண்போம். அருவிக்கு அடியில் அருமையான இடம் இருக்கிறதாம். நீர்நாய் நேற்றே வந்து மாலை போட்டுவிட்டுப் போனது!"

கொட்டும் மழையில் கூட்டம் கைதட்டியது. எலி குட்டிகளுக்குப் பால் கொடுக்க உள்ளே போய்விட்டது.

நீதி: எதற்காகக் கூடுகிறோம் என்பதை மறந்து இடம் தேடுகிறவர்கள், மாலை போடுகிறவன் வாசலில்தான் போய் நிற்பார்கள்.