மூன்றாவது கிளட்ச் பிளேட்

நாச்சிமுத்து மூன்றாவது முறையாகக் கிளட்சைக் கருக்கிக்கொண்டு வந்து நின்ற அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. காரை அவர் ஓட்டி வரவில்லை. வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அந்த வண்டியின் டிரைவருக்குப் பக்கத்தில், மணமேடையிலிருந்து எழுப்பிவிடப்பட்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார் அவர்.

வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் பம்பு செட்டுக்கு வார்ப்பு போடும் ஃபவுண்டரி வைத்திருந்தவர். மனைவி போன பிறகு அதை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, சொந்தபந்தம் எல்லாம் தலையில் அடித்துக்கொள்ளும்படி டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அதன் குடலும் தெரிய வேண்டும் என்று திலகவதியிடம் பாடம் கேட்க வந்தார்.

திலகவதி பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுகிறவர். நாச்சிமுத்துவைவிட இருபது வயது இளையவர். அதையெல்லாம் பார்க்காமல் முதல் நாளே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டார் நாச்சிமுத்து. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குத் திலகவதியின் பட்டறைதான். மற்ற ஆறு நாளும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று சொன்னால் பொய்யில்லை.

காரைத் தள்ளி உள்ளே நிறுத்தியதும் நாச்சிமுத்து கேட்டார்.

"தாங்கற கிளட்ச் எதுங்க மாஸ்டர்?"

மாஸ்டர் காருக்கு அடியில் குனிந்து முகர்ந்து பார்த்தார். தீய்ந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

"எதைத் தாங்கணும்ண்ணா?"

"டர்போவைத்தான். அதோட பூஸ்ட் அழுத்தத்தை ஏத்துனதுல இருந்துதான் இந்தத் தொல்லை. இன்ஜின் சத்தம் போடுது, வண்டி நவுற மாட்டேங்குது. செராமிக் போட்டது ஒண்ணு இருக்குது. ரெட்டை பிளேட் ஒண்ணு இருக்குது. விலை எவ்வளவோ இருந்துட்டுப் போகட்டும். மலையேத்தப் பந்தயத்துக்குப் பேர் குடுத்துட்டனுங்க."

"கழட்டிப் பார்க்கலாம்."

"அதான் ரெண்டு தடவை பாத்தாச்சுங்களே. கருகித்தான் இருக்கும்."

"இருக்கட்டும்ண்ணா. கழட்டலாம்."

மாஸ்டர் அன்று அதிகம் பேசவில்லை. மற்ற நாட்களில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கிண்டல் வரும். "ஃபவுண்டரி முதலாளிக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியல" என்பார். அன்று அது இல்லை. நாச்சிமுத்துவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை, ஆனால் மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச் பிளேட்டைக் கழற்றி, அதோடு பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் எடுத்து மாஸ்டர் மேசைக்குக் கொண்டுபோனார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். கருகிய கிளட்ச் எதையும் பழைய இரும்புக்குப் போட மாட்டார்கள். பிளேட்டையும் அதன் பேரிங்கையும் கம்பியில் கட்டி, வண்டிக்காரர் பேரை ஒரு தகரத் துண்டில் எழுதி, சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். அடுத்த கிளட்ச் வாங்குவதற்கு முன்னால் அவற்றை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு.

மாஸ்டர் சுவரிலிருந்து சிலவற்றை இறக்கினார். தகரங்களைத் திருப்பி, பேர் தெரியாதபடி மேசையில் பரப்பினார். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"யாரு எப்படி ஓட்டுறாங்கன்னு சொல்லுங்கண்ணா."

நாச்சிமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை வருஷப் பாடம் வீண் போகவில்லை என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

முதலாவதை எடுத்தார். பிளேட் கரிக்கட்டையாக இருந்தது. பேரிங்கைச் சுற்றிப் பார்த்தார். புதுசு போல ஓசையில்லாமல் சுற்றியது.

"இவன் வண்டியில சக்தி ஜாஸ்தி. கிளட்ச்சால பிடிக்க முடியல. காலு சுத்தமா இருக்குது. இவனுக்கு நல்ல கிளட்ச் போட்டுக் குடுக்கலாம்."

"சரி. அடுத்தது?"

அடுத்ததை எடுத்தவர் பேரிங்கைச் சுற்றியதுமே முகத்தைச் சுளித்தார். அது மாவு மில் மாதிரி அரைத்தது.

"காலை அழுத்தும்போது மட்டும் சுத்த வேண்டிய பேரிங்குங்க இது. தேஞ்சு தகடாயிருச்சு. இவன் கிளட்ச் மேலயே காலை வச்சுட்டு ஓட்டறவன். பெடலை முழுசா விடறதே இல்லை."

"அடுத்தது?"

"இதுவும் அதே ஆளுதானுங்க. இன்னும் மோசம்." பிறகு சிரித்தார். "இவனுக்கெல்லாம் தங்கத்துல கிளட்ச் பண்ணிப் போட்டாலும் கருக்கிட்டுத்தான் வருவான். சாவியைப் புடுங்கிட்டு அனுப்பணும் மாஸ்டர்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. சற்று முன் கழற்றிய பிளேட்டையும் பேரிங்கையும் அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாச்சிமுத்து அந்தப் பேரிங்கைச் சுற்றினார். அரைத்தது. இன்னொரு தரம் சுற்றினார். பிறகு தகரத் துண்டுகளைத் திருப்பினார். கடைசியாக எடுத்த அந்த இரண்டிலும் அவர் பேர்தான் இருந்தது.

மழை கொஞ்சம் வலுத்தது.

"பேரு மாறியிருக்கும்" என்றார்.

மாஸ்டர் தகரத் துண்டுகளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் அப்படி ஓட்டறவன் இல்லைங்க மாஸ்டர். நீங்க சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான. கிளட்சை விட்டதும் காலைப் பக்கத்துல வச்சுக்கணும். அப்படித்தான் வச்சுக்கறேன்."

"ஷூவைக் கழட்டுங்கண்ணா. இடது கால்."

"எதுக்குங்க?"

"கழட்டுங்க."

பட்டறையில் அவர் ஒருநாளும் ஷூவைக் கழற்றியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாகக் கயிற்றை அவிழ்த்தார். ஷூவை உருவியபோது உள்ளே இருந்து ஏதோ விழுந்து தரையில் உருண்டது. மாஸ்டர் குனிந்து எடுத்தார். சின்ன நட்டு. சாக்ஸின் அடிப்பாகம் நனைந்திருந்தது. ரத்தம்.

நாச்சிமுத்து அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். காலையில் வீட்டுக் கராஜில் மாட்டிய ஷூ. அதோடுதான் கடைவீதிக்குப் போனார், பாதி வழியில் வண்டி நின்றபோது மழையில் இறங்கித் தள்ளினார். ஒன்றும் தெரியவில்லை.

"சுகர் எத்தனை வருஷமாண்ணா?"

"அது கெடக்குது ரொம்ப நாளா."

"டாக்டர் காலைப் பார்த்தாரா?"

"பாக்கச் சொன்னாரு. அப்புறம் போகலாம்னு இருந்துட்டேன். கொஞ்சம் மரத்தாப்புல இருக்குது, அவ்வளவுதானுங்க."

மாஸ்டர் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து தரையிலேயே உட்கார்ந்தார். அவர் காலைத் தன் மடியில் வைத்து சாக்ஸை மெல்ல உரித்தார். நாச்சிமுத்து பதறிப்போய் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மாஸ்டர் விடவில்லை. பஞ்சில் மருந்தைத் தொட்டுக் காயத்தில் வைத்தார். எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

"ரெண்டாவது பிளேட்டுலயே உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

"சொல்லலையே மாஸ்டர்."

"சொன்னா இந்த ஞாயித்துக்கிழமையும் உங்களுக்கு இருக்காதேன்னு நினைச்சேன். சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வரும் போலிருந்தது. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் வரவில்லை.

மாஸ்டர் கட்டுப் போட்டு முடித்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"வலது கால் எப்படிண்ணா?"

பிரேக்கை மிதிக்கிற கால். நாச்சிமுத்து அதை மெதுவாக ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"போன வாரம் பேத்தியைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டுனேன்" என்றார். "பாலக்காட்டு ரோட்டுல. இன்னும் வேகமாப் போங்க தாத்தான்னு கத்துனா. நானும் போனேன்."

மாஸ்டர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசையில் கிடந்த பிளேட்டுகளைக் கம்பியில் கோத்தார்.

நாச்சிமுத்து விரித்த கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதிர்த்துப் பேசுகிறவராக இல்லாமல், எங்கோ ஒரு கணக்கு இடிக்கிறதே என்று கேட்கிறவராகச் சொன்னார்.

"ஆனா நான் காலைத் தூக்குனனுங்க மாஸ்டர். ஒவ்வொரு தடவையும் தூக்குனேன். சத்தியமா."

"தூக்குனீங்கண்ணா" என்றார் மாஸ்டர். "கால் வரல."