வட்டம் விழாத தட்டு

அருளப்பன் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஐம்பது வயது நெருங்கும்போது முனைவர் பட்டத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு வயதா தெரியும்? அவருடைய நெறியாளர் தில்லைநாயகி அவரைவிட நாலு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். வேலை ஒழுங்காக நடந்தது.

ஆராய்ந்தது ஒரு மலைச்செடியின் இலை. அதன் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே யாராவது காய்ச்சிக் குடித்துவிடுவார்கள். அதன் சாறு கிருமியைக் கொல்லும் என்று இருபது வருடத்துக்கு முன்பு கட்டுரை எழுதி விருது வாங்கியவர் தில்லைநாயகி. சாற்றிலுள்ள எந்தப் பொருள் கொல்கிறது என்று கண்டுபிடிப்பது அருளப்பனின் வேலை.

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடித் தட்டும் கையுமாக வந்து நின்றார்.

"மேடம், நான்தான் எங்கேயோ சொதப்பறேன்."

"என்ன சார் ஆச்சு?"

"இலையில ஆல்கலாய்டு இருக்கு, டானின் இருக்கு, எல்லாம் இருக்கு. இப்போ கிருமிமேல வெச்சுப் பார்த்தா, கிருமிதான் சாகமாட்டேங்குது."

தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நடுவே சாற்றில் நனைத்த காகித வில்லை. சாறு வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் விழ வேண்டும். விழவில்லை.

"உங்க கட்டுரையில பதிமூணு மில்லிமீட்டர்னு இருக்கு மேடம்."

"வில்லையை எவ்வளவு நேரம் காயவெச்சீங்க?"

"ஒருநாள் முழுக்க. சாறு இறக்கின மெத்தனால் வாசனையே போயிடுச்சு."

தில்லைநாயகி எழுந்துபோய்ப் புதுத் தட்டில் கிருமியைத் தடவினார். வெறும் வில்லை ஒன்றை மெத்தனாலில் நனைத்து, ஈரம் காயாமல் அப்படியே வைத்தார். இலைச்சாற்றைத் தொடவே இல்லை.

மறுநாள் அதைச் சுற்றி அழகாக வட்டம் விழுந்திருந்தது. அவரே அளந்தார். பதிமூன்று.

அருளப்பனின் ஐந்து வருடக் கோடை விடுமுறைகள் இந்த இலைக்கே போயிருந்தன.

"அன்னிக்கு வெறும் வில்லையும் வெச்சுப் பார்த்திருப்பீங்களே மேடம்?"

"பார்த்தேன். அதை முதல்லயே மெத்தனால்ல நனைச்சு வெச்சதால காய்ஞ்சிருந்தது. இலை வில்லையை ஈரத்தோட வெச்சிருக்கேன். அவசரம்."

"அப்போ இந்த இலை எதுக்கும் ஆகாதா?"

"இந்தக் கிருமியைக் கொல்லலை. அதுக்கு மேல நமக்குத் தெரியாது."

"என் பட்டம்?"

"கொல்லலைன்னு காட்டறதும் ஆராய்ச்சிதான். எழுதுங்க."

இரண்டு வாரத்தில் எழுதிக்கொண்டு வந்தார். 'முந்தைய ஆய்வாளர்கள் சிலரின் முடிவோடு இது ஒத்துப்போகவில்லை' என்று ஒரு வரி. யார் மனமும் புண்படாமல் எழுதிவிட்டதாக அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தில்லைநாயகி அந்த வரியில் விரலை வைத்தார்.

"யார் சார் இந்தச் சிலர்?"

"உங்க பேரை நான் எப்படி மேடம்..."

தில்லைநாயகி பேனாவை எடுத்து அந்தச் சொற்களை அடித்தார். மேலே தன் பெயரையும் கட்டுரை வந்த வருடத்தையும் எழுதித் தாளை நீட்டினார்.

"சிலர்னு விட்டா, இன்னும் இந்த இலையை அரைச்சுக்கிட்டிருக்கிறவங்க யாரோட கட்டுரையைக் கிழிச்சுப் போடுவாங்க?"