செவந்தியின் கொன்றை ஓலை

முன்னொரு காலத்தில் பொற்கரை நாட்டைக் குணதீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று நினைப்பான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று நினைப்பான். அவனுடைய நந்தவனத்தைப் பார்த்துக்கொண்டவள் செவந்தி. எந்த மரம் என்றைக்குத் துளிர்த்தது, எந்தப் பறவை என்றைக்குக் கூடு கட்டியது என்று ஓலையில் எழுதிவைப்பதில் அவளுக்குத் தனி ஆசை. யாரும் எழுதச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ராஜா சபையில், "இளவரசி கல்யாணத்தை ஆற்று மணலில் பந்தல் போட்டு நடத்துவோம். ஊரே உட்காரலாம்" என்றான்.

ஆஸ்தான சோதிடர் மகுடேசுவரர், "பேஷ்! ஆனி பத்தாம் தேதி முகூர்த்தம். அதுவரை ஒரு சொட்டு மழை கிடையாது" என்றார்.

பந்தல் வேலை தொடங்கிவிட்டது என்று கேட்டதும் செவந்தி ஓலைக்கட்டோடு சபைக்கு ஓடினாள்.

"மகாராஜா, கொன்றை முதல் பூ விட்ட நாற்பது நாளுக்குள் ஆற்றில் வெள்ளம் வந்துவிடுகிறது. பன்னிரண்டு வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் சீக்கிரமே பூத்துவிட்டது. இன்றைக்கு முப்பத்தேழாம் நாள். முகூர்த்தத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஊர் ஜனத்தை மணலில் உட்காரவைக்க வேண்டாம்."

ராஜா நந்தவனத்தில் நின்று இவளோடு பேசுவதே சோதிடருக்குப் பிடிக்காது. "இலை உதிர்ந்ததை எழுதுகிறவள் கிரகங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாளா? அந்தக் குப்பையை அடுப்பில் போடுங்கள்!" என்று கத்தினார்.

ராஜாவும் தலையாட்டினான். "வெள்ளம் வராவிட்டால் ஓலையெல்லாம் அடுப்புக்குத்தான். சம்மதமா?"

செவந்தி நிமிர்ந்து நின்றாள். "சம்மதம், மகாராஜா. ஒரு வேண்டுகோள். நாளை முதல் முகூர்த்தம் வரை சோதிடர் ஐயா அந்தப் பந்தலிலேயே உட்கார்ந்து ஜபம் செய்யட்டும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நல்லது."

"ஆகா, அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

சோதிடர் இரண்டடி பின்வாங்கினார். "நானா? மணல் சூடு எனக்கு ஒத்துக்கொள்ளாது."

"குடை பிடிக்க ஆள் தருகிறேன்."

"முழங்கால் வலி வேறு..."

"மெத்தை போடச் சொல்கிறேன்."

"கரையிலேயே உட்கார்ந்து ஜபிக்கிறேனே, மகாராஜா. ஒருவேளை தண்ணீர் வந்து..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "நீர் உட்காரப் பயப்படும் இடத்திலா என் பெண்ணை உட்காரவைக்க நாள் குறித்தீர்?"

அன்றே பந்தலைப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

கல்யாணம் முடிந்ததும் ராஜா செவந்திக்குப் பட்டுப்புடவையும் ஒரு வண்டி பனையோலையும் கொடுத்தான். சோதிடர் தினமும் விடிந்ததும் நந்தவனத்துக்குப் போய், அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

மறுவாரம் ராஜாவே மூச்சிரைக்க ஓடிவந்தான். "செவந்தி, வேம்பில் முதல் பழம் பழுத்திருக்கிறது! எழுதிக்கொள்!"

சோதிடர் ஓலையிலிருந்து தலை நிமிரவில்லை. "நேற்றே எழுதியாச்சு, மகாராஜா" என்றார்.