மடியில் பூனை, தரையில் தெள்ளு

அபயாம்பாள் அம்மாளிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் மாலையில் வந்து இருட்டுவதற்குள் போய்விடுவார்கள். அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள் தையல்நாயகி ஒருத்திதான். அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தையல்நாயகிக்கு அறுபது நடந்துகொண்டிருந்தது. அதனால் சிஷ்யை குருவை அம்மா என்பாள், குரு சிஷ்யையை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் பழகிவிட்டது.

மகன் வீட்டில் மனம் ஒட்டாமல் வந்து சேர்ந்தவள் தையல்நாயகி. சமையல், துணி, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அவள் பொறுப்பு. பாடத்தின்போது அம்மாளுக்கு ஒட்டினாற்போல உட்காருவதும் அவள்தான். யாராவது முந்திக்கொள்வார்களோ என்று மதியமே அங்கே ஒரு துண்டைப் போட்டு வைப்பாள், பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி.

ஐப்பசி மழையில் ஒரு பூனை வந்தது. செவலை நிறம், பெயரும் செவலை என்றே ஆனது. அது துண்டெல்லாம் போடவில்லை. நேரே போய் அம்மாளின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அம்மாள் அதை இறக்கிவிடவில்லை. பேசிக்கொண்டே அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அன்றிலிருந்து தையல்நாயகிக்குப் பாடம் காதில் ஏறவில்லை. அம்மாள் உயிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், இவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் கால் பிடித்துவிட்டிருக்கிறாள். ஒரு தடவை அந்தக் கை இவள் தலையில் பட்டதில்லை. நேற்று வந்த பூனைக்குத் தடவல், பாலில் ஆடை, "சாப்பிட்டியாடா" என்று ஒரு விசாரிப்பு வேறு. வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு வாயில்லா ஜீவன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்ததால் பொறாமை குறைந்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டு அவளைப் படுத்தின.

மாசி பிறந்ததும் வீட்டில் தெள்ளுப்பூச்சி வந்தது. எள்ளைவிடச் சின்னது, பிடிக்கப் போனால் துள்ளிக் காணாமல் போய்விடும். தெள்ளிய அறிவு தேடி வந்தவர்களுக்குத் தெள்ளு கிடைத்தது. பூனை பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது.

தையல்நாயகிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதை முகத்தில் காட்டாமல் அம்மாளிடம் போய் நின்றாள்.

"அம்மா, வீட்டுல தெள்ளு வந்திடுச்சு. இந்தப் பூனை கொண்டாந்ததுதான்."

"இருக்கும்."

"எப்படிம்மா ஒழிக்கிறது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பூனையை அனுப்பிட்டா தெள்ளும் கூடவே போயிடும். நல்ல வீடாப் பார்த்து விட்டுட்டு வந்துடறேன்."

அம்மாள் பூனையின் காதோரத்து மயிரை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு, செய்து பாருங்கள் என்றார்.

நல்ல வீடு எதையும் அவள் பார்க்கவில்லை. மறுநாள் காலை பூனையைக் கூடையில் போட்டு மூடி, பஸ் ஏறி, கடலோரத்து மீன் சந்தை ஒன்றில் இறக்கிவிட்டாள். இனி மீனுக்குப் பஞ்சமில்லை, பூனைக்கு என்ன குறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். பொறையாரில் ஒரு டீச்சர் வீட்டில் விட்டதாகவும், அங்கே பிள்ளைகள் ஆசையாக வாங்கிக்கொண்டதாகவும் அம்மாளிடம் சொன்னாள். அம்மாள் தலையை ஆட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை.

கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அதுவரை அம்மாளிடம் அவள் பொய் சொன்னதில்லை. விஷயம் தெரிந்தால் மகன் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அம்மாளின் மடி காலியாக இருந்தது. கையும் சும்மா இருந்தது. அது தன் பக்கம் வருமா என்று தையல்நாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். அது கணுக்காலைச் சொறியப் போனது. பாடம் முடிந்ததும் புதிதாக வந்த ஒரு பெண் சாமந்திப்பூ கொடுத்தாள். அம்மாள் சிரித்து வாங்கிக்கொண்டார். அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. அடுத்த நாள் துண்டை இன்னும் அகலமாக விரித்து வைத்தாள்.

பூனை போனதே தவிரத் தெள்ளு போகவில்லை. முன்பு பூனையைக் கடித்துக்கொண்டிருந்தவை இப்போது மனிதர்களைக் கடித்தன. வங்கி மேனேஜர் ஒருவர் முக்தியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவர், கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிச் சொறிந்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. தையல்நாயகி வேப்பிலைப் புகை போட்டாள், மூலைக்கு மூலை உப்பைத் தூவினாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மாளுக்குக் கால் பிடித்துவிடும்போது கணுக்கால் முழுக்கத் தடிப்புகள் விரலில் தட்டுப்பட்டன. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பூனை போயும் தெள்ளு ஏன்மா போகல?"

அம்மாள் எழுந்தார். அடுப்படிக்குப் பக்கத்தில் தையல்நாயகியின் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. பழைய புடவைகளை மடித்துத் தைத்த மெத்தை அது. அதை வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் பிரித்துப் போட்டார். செவலை மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. மடிப்புகளுக்குள் தூள் உப்பு மாதிரி முட்டைகளும், மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாக ஏதோ ஒன்றும் கிடந்தன.

"இதுல எப்படிம்மா வந்துச்சு?"

"நீங்க அடுப்படியில இருக்கும்போதெல்லாம் அது இங்கதான் படுத்திருக்கும். என் மடியில சாயங்காலம் கொஞ்ச நேரம். மத்தபடி இதுலதான்."

அவளுக்கு அது தெரியாது. பூனை எங்கே தூங்குகிறது என்று அவள் பார்த்ததேயில்லை. மடியில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அந்தக் கறுப்புத் தூளை அதில் உதிர்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் சிவப்பாக ஊறியது.

"என்னம்மா இது?"

"ரத்தம். தெள்ளு குடிச்சுட்டுப் போட்டது."

"யாரோட ரத்தம்?"

"இதுவரைக்கும் அதோடது. இனிமே நம்மோடது."

தையல்நாயகி கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

சந்தையில் நல்ல கூட்டம். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலும் வண்டிகளுக்கு அடியிலும் குனிந்து குனிந்து, "செவலை, செவலை" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். மீன் விற்கிறவர்கள், பாவம் மாட்டைத் தொலைத்தவள் என்று நினைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் மாடு எதுவும் வரவில்லை என்றார்கள். மதியத்துக்கு மேல்தான் அகப்பட்டது. பழைய வலைக் குவியலுக்குள் சுருண்டு கிடந்தது. ஒரு காது கிழிந்திருந்தது, வயிறு ஒட்டியிருந்தது. மீன் சந்தையிலும் பலமுள்ள பூனைக்குத்தான் மீன். தூக்கப் போனவளின் கையில் நன்றாகப் பிறாண்டியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

டீச்சர் வீட்டில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டதாக வீட்டுக்கு வந்து சொன்னாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். வாசலில் அம்மாளைப் பார்த்ததும் பயம் முந்திக்கொண்டது. கூடையிலிருந்து மீன் வாடை அடித்தது. அம்மாள் பூனையின் கிழிந்த காதைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கீறலையும் பார்த்தார். மஞ்சள் வைக்கச் சொன்னார்.

பிறகு வேலை ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரியில் பூனைக்கென்று கொடுத்த மருந்தை அதன் பிடரியில் விட்டார்கள். மெத்தையைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து வெயிலில் காய வைத்தார்கள். மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது, பூனை உடம்பை நக்கும் என்று அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரை வெடிப்புகளை ஈர்க்குச்சியால் கிளறிப் பெருக்கி, குப்பையை அன்றன்றைக்கே கொல்லையில் கொளுத்த வேண்டும். அதை அம்மாளே எடுத்துக்கொண்டார். தினமும் பேன் சீப்பால் பூனையை வாரி, சிக்குகிற தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுவது தையல்நாயகியின் வேலை.

வாருவதென்றால் மடியில் வைத்தாக வேண்டும். முதல் சில நாட்கள் இருவருக்கும் அது தண்டனையாக இருந்தது. பூனை திமிறும், இவள் அமுக்குவாள், சோப்புத் தண்ணீர் கவிழும். பிறகு அது தாடையைத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டது. அப்புறம் சீப்பைக் கண்டாலே தானாக வந்து ஏறியது. சீப்பு கீழே கிடந்த நேரத்திலும் அவள் கை அதன் முதுகில் போய்க்கொண்டிருப்பதை ஒருநாள் அவளே கவனித்தாள்.

தெள்ளு குறைந்தது, ஆனால் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஓய்ந்தது என்று நினைக்கும்போது ஏதாவதொரு வெடிப்பில் பொரித்துப் புதிதாக நாலு வரும். மறுபடி பெருக்கல், மறுபடி வாரல். பங்குனி முழுக்க இப்படியே போனது.

இதற்குள் பாட நேரத்திலும் செவலை தையல்நாயகியின் மடியில்தான் படுத்தது. ஒருநாள் அம்மாள் தன் தொடையைத் தட்டிக் கூப்பிட்டார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. அம்மாளின் கை கொஞ்ச நேரம் மடியிலேயே கிடந்தது. எல்லாரும் பார்த்தார்கள். தையல்நாயகிக்குப் பெருமை தாங்கவில்லை. இதென்ன புத்தி என்று உடனே தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டியும் பெருமை போகவில்லை.

மறுநாள் காலை அம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தையல்நாயகி பூனையை வாரிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"அம்மா, இது உங்ககிட்ட வரவே மாட்டேங்குதே. உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையா?"

"இருக்கே."

"என்னம்மா?"

"பொறாமை."

சீப்பு நின்றது. கேலி செய்கிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. அம்மாள் துடைப்பத்தின் அடியைத் தட்டிச் சமன் செய்துகொண்டு, அடுத்த மூலைக்குப் போனார்.

"உங்களைக்கூட அது கடிக்குமாம்மா?"

"நல்லாவே கடிக்குது, அக்கா. அதுக்காக உங்களை எந்த மீன் சந்தையில கொண்டுபோய் விடச் சொல்றீங்க?"